தீட்சிதரிடம் உங்களுக்குக் கேட்டது வடக்கா, தெற்கா? – அனுபவப் பகிர்வு

வீணை கற்பவர்:

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் ‘ஜம்பூபதே’ கீர்த்தனையை அண்மையில்தான் வாசித்து முடித்தேன். முடித்தேன் என்பது மிகை. விரல் ஓரளவு வழிக்கு வந்திருக்கிறது. வாய்ப்பாட்டாகப் பலமுறை கேட்ட உருப்படிதான். ஆனாலும் வீணையை எடுத்து வைத்து உட்கார்ந்தபோதுதான் அவர் ஒரு வைணிகர், அதாவது வீணைக் கலைஞர், என்பது எனக்கு உறைத்தது. வீணைத் தண்டியில் உள்ள ஒரே மெட்டில் (fret) தந்தியை இழுத்தே அடுத்த ஸ்வரத்தை வரவழைக்க வேண்டிய இடங்கள் ஏராளம். நாதம் அடங்குவதற்குள் அடுத்த பிடிக்குப் போக வேண்டும். ஆனால் அவசரப்பட்டால் கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, செத்துவிடும்.

பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியின் மத்திமகால (வேகம் கூடிய) வரியில் ‘அம்புதி கங்கா காவேரி யமுனா’ என்று வருகிறது. இந்தக் கீர்த்தனை பாடும் திருவானைக்காவல் அப்புத் தலம், அதாவது நீருக்குரிய தலம், அதனால் நீர்நிலைகளை அடுக்கினார் என்று விட்டுவிடலாம். ஆனால் அடுக்கியவர் யார்? திருவாரூரில் பிறந்து, இளமையில் சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய், அங்கே சில ஆண்டுகள் தங்கியவர். ராகமோ யமுனா கல்யாணி, வடக்கத்திய யமன் கல்யாணின் உறவு. அந்த வரி வந்ததும் என் குரு வாசிப்பை நிறுத்தச் சொல்லி, ஹிந்துஸ்தானி யமன் கல்யாண் ஒன்றைக் கேட்க வைத்தார். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

வயலின் ஆசிரியை:

காசியைச் சொல்லிவிட்டு மணலியை விட்டுவிட்டால் எப்படி? தீட்சிதர் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலி முதலியாரின் ஆதரவில் இருந்தபோது, வெள்ளையர்களின் பேண்டு இசையும் அவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் ‘ச்யாமளே மீனாக்ஷி’ சொல்லிக்கொடுப்பேன். ஒரு சிறுமி முதல் வரியை வாசித்ததுமே வில்லை இறக்கிவிட்டு, “டீச்சர், இது ட்விங்கிள் ட்விங்கிள்!” என்றாள். களவைக் கையும் மெய்யுமாகப் பிடித்துவிட்ட தோரணை! ‘ஸந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு என்றால் பெற்றோர்தான் அதிகம் அதிர்ந்துபோகிறார்கள்.

கமகத்தையே கரைத்துக் குடித்தவர் இந்த மேற்கத்திய மெட்டுகளில் வரும் கமகமே இல்லாத சங்கராபரணத்தை இப்படி ரசித்துக் கையாண்டிருக்கிறாரே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். போதாததற்கு, தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். எனக்குப் பிழைப்பு கொடுத்ததே அந்த வீடுதான்.

பழைய ரசிகர்:

இரண்டும் சரி. ஆனால் வடக்கும் மேற்கும் சேர்ந்துதான் அவரை உருவாக்கின என்பதுபோலப் பேச்சு போவது எனக்கு ஒப்பவில்லை. ஹம்ஸத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படும் தந்தை ராமசுவாமி தீட்சிதர் வழியாக வந்த வேங்கடமகி சம்பிரதாயம்தான், அதாவது மேளங்களை வகுத்த அந்த இசை இலக்கணக்காரரின் மரபுதான், அஸ்திவாரம்.

அதே குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர் கீர்த்தனைகளை ஸ்வரக் குறிப்போடு தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கில் அச்சானது. என்னிடம் இருப்பது மியூசிக் அகாடமியின் தமிழ்ப் பதிப்பு. கச்சேரியில் கேட்டதை வீட்டுக்கு வந்து அதில் சரிபார்ப்பது என் ஓய்வுக்கால வேலை. கம்பிதம், நொக்கு, ஜாரு (வழுக்கிச் செல்வது), ஒரிகை என்று கமகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஸ்வரத்தின்மேல் ஒரு குறி. பக்கமெங்கும் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். ‘சேத ஸ்ரீ பாலக்ருஷ்ணம்’ த்விஜாவந்தி ராகம், அதாவது வடக்கத்திய ஜெய்ஜெய்வந்தியின் உறவு. அதைக்கூட இந்தக் குறிகளை மதித்துப் பாடினால் திருவாரூர்தான் கேட்கிறது. குழைத்துக் குழைத்துப் பாடுகிறவர்கள்தான் அதைக் காசிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று. காசியிலிருந்து திரும்பிய பிறகு திருத்தணியில் பாடிய முதல் கீர்த்தனை ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’. எந்த ராகத்தில்? நாம் முதல் பாடமான சரளி வரிசை பாடும் மாயாமாளவகௌளையில்!

வீணை கற்பவர்:

ஐயா, அந்த மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களைத்தான் வடக்கே பைரவ் என்று பாடுகிறார்கள். இருந்தாலும் நான் சண்டைக்கு வரவில்லை. உங்கள் தமிழ்ப் பதிப்பில் ‘ஜம்பூபதே’ இருந்தால், அந்த ‘கங்கா காவேரி’ வரிக்கு என்னென்ன குறிகள் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? ‘யமுனா’வில் நான் போடும் ஜாரு சரிதானா என்று எனக்குச் சந்தேகம்.