இரண்டு சவுண்ட் கார்டைச் சேர்த்தால் ஒலி நடுவில் வெட்டுகிறது (லினக்ஸ்)

கேள்வி:
யூஎஸ்பி இன்டர்ஃபேஸில் மைக், மதர்போர்டு கார்டில் ஸ்பீக்கர். அல்சா (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு) கான்ஃபிக் கோப்பில் 'மல்ட்டி' பிளகின் போட்டு இரண்டையும் ஒரே கார்டு போலக் காட்டி, ஆர்டர் (Ardour) என்ற மென்பொருளில் ரெக்கார்டிங் செய்கிறேன். ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை 'டப்' என்று வெட்டுகிறது, எக்ஸ்ரன் (ஒலித் தரவு நேரத்துக்குப் போய்ச் சேராத பிழை) விழுகிறது. சிபியு சும்மாதான் கிடக்கிறது. பஃபரை (ஒலியைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம்) 1024 சாம்பிளிலிருந்து 2048 ஆக்கினேன். வெட்டு நிற்கவில்லை, தள்ளித் தள்ளி வருகிறது. தனித்தனியாக ஓட்டினால் இரண்டுமே சுத்தம். இரண்டும் 48000 ஹெர்ட்ஸ்தான் (வினாடிக்கு 48000 சாம்பிள்).

பதில் 1:
ரியல்டைம் கெர்னல் போட்டுப் பாருங்களேன். உங்கள் பயனர் 'ஆடியோ' குழுவில் இருக்கிறாரா என்றும் பாருங்கள்.

பதில் 2:
கெர்னலைத் தொட வேண்டாம். சிபியு திணறினால் வெட்டு கண்டபடி வரும். உங்களுக்குக் கணக்காக வருகிறது, பஃபர் கூடினால் இடைவெளியும் கூடுகிறது. இது கிளாக் விலகல், அதாவது இரண்டு கார்டின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாதது.

ஒவ்வொரு கார்டிலும் அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் தனி கிரிஸ்டல் உண்டு. இரண்டுமே 48000 என்றுதான் சொல்லும், ஆனால் அச்சு அசலாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 வித்தியாசம் என்று வைத்தால்கூட வினாடிக்கு 2.4 சாம்பிள் விலகும். 1024 சாம்பிள் விலக ஏழு நிமிடம் ஆகும். நீங்கள் சொன்ன கணக்குதானே? 'மல்ட்டி' பிளகின் சேனல்களை ஒட்டவைக்குமே தவிர கிளாக்கைச் சரிசெய்யாது. பழைய வழிகாட்டிகள் பலவும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

கான்ஃபிக்கில் அந்த 'மல்ட்டி' பகுதியை நீக்கிவிட்டு, ஆர்டரில் அல்சாவுக்குப் பதில் ஜாக்கை (JACK) தேர்ந்தெடுத்து, பைப்வயர் (PipeWire) என்ற ஒலி சர்வர் வழியாக ஓட்டுங்கள். பைப்வயர் ஒரு கார்டை டிரைவராக (வேகத்தை நிர்ணயிக்கும் கார்டாக) வைத்து, மற்றதை அதன் வேகத்துக்கு ரீசாம்பிள் செய்துகொண்டே (சாம்பிள்களை மாற்றிக் கணக்கிட்டுக்கொண்டே) இருக்கும். 'பிடபிள்யூ-டாப்' (pw-top) கட்டளையில் எது டிரைவர் என்று தெரியும். பிழைக்கான பத்தியில் எண் ஏறுகிறதா என்று கவனியுங்கள். உங்கள் வேலைக்கு மைக் இருக்கும் யூஎஸ்பி கார்டே டிரைவராக இருப்பது நல்லது, பதிவாகும் ஒலி ரீசாம்பிள் ஆகாது. இரண்டிலும் எஸ்பிடிஃப் (டிஜிட்டல் ஒலி இணைப்பு) இருந்தால் ஒன்றின் கிளாக்கை மற்றதற்குக் கொடுக்கலாம், ஆனால் மதர்போர்டு கார்டில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன். நீண்ட ரெக்கார்டிங்கிலும் பிழை எண் பூஜ்யத்திலேயே நிற்கிறது, நன்றி. ஒன்றே ஒன்று: கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் இருந்தால், அடுத்து வரும் ஒலியின் முதல் துளி விழுங்கப்படுகிறது.

பதில் 2:
அது வேறு விஷயம். ஐந்து வினாடி சும்மா இருந்தால், பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பர் (WirePlumber) கார்டைத் தூங்கவைத்துவிடும். அதன் கான்ஃபிக்கில் சஸ்பெண்ட் டைம்அவுட்டை 0 ஆக்கி, வயர்பிளம்பரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறமும் விழுங்கினால், மதர்போர்டு கார்டை இயக்கும் கெர்னல் டிரைவரில் 'பவர் சேவ்' அளவையும் 0 ஆக்கிப் பாருங்கள்.