கடோலினியம் காந்தத்தில் ஒட்டவில்லை: போலித் துண்டா?

கேள்வி (திருவாரூர், முதுகலை இயற்பியல் மாணவி): திட்டப்பணிக்காக வாங்கிய, விரல்நகம் அளவே உள்ள கடோலினிய உலோகத் துண்டு, பாடநூல் அதை ஃபெர்ரோகாந்தம் (இரும்பைப் போல் காந்தத்தில் வலுவாக ஒட்டுவது) என்று சொல்லியும், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தில் ஒட்டாமல் நழுவி விழுகிறது. ஆய்வகத்தில் ஏசி இல்லை. வெப்பமானி 34 டிகிரி காட்டுகிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில் (கும்பகோணம், ஓய்வுபெற்ற பேராசிரியர்): அம்மா, விற்றவர் மேல் பழி போடுமுன் அந்த 34 டிகிரியைக் கவனியுங்கள். கடோலினியத்தின் ஃபெர்ரோகாந்தத் தன்மை மறையும் கியூரி வெப்பநிலை ஏறத்தாழ 293 கெல்வின், அதாவது 20 டிகிரி செல்சியஸ். நம் பக்கம் மார்கழி விடியற்காலையில்தான் அதன் அருகே போக முடியும். ஒவ்வோர் அணுவிலும் 4எஃப் என்னும் எலக்ட்ரான் கூட்டில் உள்ள 7 எலக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் நிற்கின்றன. ஆனால் அந்தக் கூடு அணுவின் உள்ளே புதைந்திருப்பதால் பக்கத்து அணுவின் கூட்டை நேரடியாகத் தொடுவதில்லை. உலோகமெங்கும் திரியும் 5டி, 6எஸ் என்னும் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களே ஓர் அணுவின் திசையை அடுத்ததற்கு எடுத்துச் செல்கின்றன. வெப்பத்தின் குலுக்கல் மிஞ்சியதும் இந்த இணக்கம் குலைந்து, துண்டு பாராகாந்தமாகிவிடும், அதாவது காந்தம் அதை வலுக்குறைவாகவே ஈர்க்கும். வலுவான நியோடிமியம் காந்தமானால் 34 டிகிரியிலும் ஓரளவு இழுக்கும். உங்களுடையதற்கு அந்த வலு இல்லை. நீர் படாதபடி பிளாஸ்டிக் உறையிலிட்டு, பத்து நிமிடம் பனிக்கட்டியில் வைத்துப் பாருங்கள்.

மாணவி: ஒட்டிக்கொண்டது ஐயா! கையில் எடுத்துச் சற்று நேரத்தில் விழுந்தும்விட்டது. ஆனால் கம்பிச்சுருள் கொண்டு அளந்தபோது மாற்றம் குளிரும்போது 17 டிகிரியிலும் சூடேறும்போது 23 டிகிரியிலும் தெரிகிறது. சீரியம் என்ற உலோகத்தில் உள்ளதைப் போன்ற தயக்கமா (ஹிஸ்டெரிசிஸ்: போகும்போதும் திரும்பும்போதும் மாற்றம் வெவ்வேறு இடத்தில் நிகழ்வது) இது?

பதில் (தஞ்சாவூர், ஆய்வு மாணவர்): இல்லை. சீரியத்தை அறை வெப்பநிலையில் சுமார் 0.8 கிகாபாஸ்கல் அழுத்தினால், அணுக்களின் முகமையக் கனசதுர அடுக்கமைப்பு மாறாமலே கன அளவு 15 சதவீதம் போல் சட்டெனச் சுருங்குகிறது. அது முதல்வகை (திடீரெனத் தாவும்) மாற்றமாதலால் அங்கே தயக்கம் உண்மையானது. கடோலினியத்தின் கியூரி மாற்றமோ தொடர்ச்சியானது, ஆகவே இந்த 6 டிகிரி இடைவெளி உலோகத்தினுடையதாக இருக்க முடியாது. தெர்மோகப்பிளின் (வெப்பநிலை அளக்கும் கம்பி இணையின்) முனை துண்டைச் சுற்றியுள்ள நீரில்தானே கிடக்கிறது? நீர் முந்திக்கொள்ள, துண்டு பின்தங்குகிறது. முனையைத் துண்டோடு வைத்து நூலால் இறுகக் கட்டி, வெப்பப் பசை தடவி, நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் சூடேற்றுங்கள்.

மாணவி: கட்டி அளந்தேன். குளிரும்போது 19.6, சூடேறும்போது 20.1.