'செல்' என்ற ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? வகுப்பில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஞாயிறு வகுப்பு, சாட்ஸ்வொர்த்:

வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், அதனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும் அறிவியல் சொற்களையாவது தமிழிலும் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறேன். 'செல்' என்ற இடத்தில் வேலை நின்றுவிட்டது. உடம்பில் இருப்பது செல், சிறையில் அடைப்பது செல், டார்ச்சில் போடுவது செல், கையில் இருக்கும் போனும் செல், கணினி அட்டவணையில் எண் எழுதும் கட்டமும் செல். அகராதியைப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தமிழ்ச்சொல். 'செல்' என்றே எழுதிவிடலாம் என்றால் பிள்ளைகள் அதைப் 'போ' என்று படிக்கிறார்கள். இவற்றுக்குள் ஏதாவது தொடர்பு உண்டா, இல்லை எல்லாம் தற்செயலா? எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே சொல் வைக்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரத்தப் பரிசோதனை, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தற்செயல் இல்லை அக்கா. லத்தீனில் 'செல்லா' என்றால் சின்ன அறை, சாமான் வைக்கும் உள்ளறை. மடங்களில் கிறிஸ்தவத் துறவிகள் தங்கிய சிற்றறைக்கும் அதே பெயர்தான். 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், தேனடை போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன, அவற்றுக்கு இந்தப் பெயரை வைத்தார். அவர் பார்த்தது வெறும் சுவர்களைத்தான், உள்ளே இருந்த உயிர்ப்பொருள் எப்போதோ செத்துக் காய்ந்துபோயிருந்தது. செடிகளும் விலங்குகளும் இவற்றால்தான் ஆனவை என்று ஷ்லைடனும் ஷ்வானும் 1838, 1839-இல் எடுத்துச்சொல்லும் வரைக்கும் அதன் முக்கியத்துவம் பலருக்குப் புரியவில்லை.

பிள்ளைகளிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். செடியின் செல்லுக்குச் சுவர் உண்டு, நம் உடம்பின் செல்லுக்கு மெல்லிய சவ்வு மட்டும்தான். நான் தினமும் பார்க்கும் சிவப்பணுக்களை ஒரு மில்லிமீட்டருக்குள் நூறுக்கு மேல் வரிசையாக வைக்கலாம். அதே சமயம் அவுட்ஸ்ஹோர்ன் பக்கம் வளர்க்கிறார்களே தீக்கோழி, கரு உருவாகாத அதன் முட்டையில் இருக்கும் அவ்வளவு பெரிய மஞ்சள் கருவும் ஒரே ஒரு செல்தான். முடிந்தால் ஒரு முட்டையை வகுப்பில் உடைத்துக் காட்டுங்கள், பிறகு யாரும் மறக்கமாட்டார்கள்.

சோலார் வேலை, ஃபீனிக்ஸ்:

பேட்டரி பக்கத்தை நான் சொல்கிறேன். பழைய கார் பேட்டரியின் மேல்மூடிகளைத் திறந்தால் உள்ளே தடுப்பு வைத்த ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகள், அமிலம். ஓர் அறைக்குச் சுமார் 2 வோல்ட், ஆறும் சேர்ந்து 12. அந்த ஒரு அறைதான் செல், பல செல் சேர்ந்த கூட்டம்தான் பேட்டரி. லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு மோசமாக இருந்த 2023-இல் வீடு வீடாக இன்வெர்ட்டர் மாட்டினோம், அந்த லித்தியம் இரும்புப் பாஸ்பேட் பேட்டரிகளில் பெரும்பாலும் 16 செல் இருக்கும், ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், மொத்தம் 51.2. பதினாறில் ஒன்று பலவீனமானாலும் மொத்தப் பேட்டரியும் அதோடு நின்றுவிடும், அதனால் செல் வேறு பேட்டரி வேறு என்பது எங்களுக்குத் தினமும் தேவைப்படும் வித்தியாசம். கூரை மேல் இருக்கும் தகட்டில் கட்டம் கட்டமாகத் தெரிவதும் செல்தான், ஆனால் அதில் எதையும் சேமித்துவைக்க முடியாது, வெயில் படும்போது மட்டும் மின்சாரம் தரும். இரண்டுக்கும் மின்கலம் என்ற சொல் சரியாகவே பொருந்துகிறது.

நெல்லைக்காரன், ஜோஹன்னஸ்பர்க்:

போன் விஷயத்தில் செல் என்பது போன் இல்லை, இடம். ஒரு கோபுரத்தின் அலை எட்டும் பரப்பு ஒரு செல். ஊரை அப்படித் துண்டு துண்டாகப் பிரித்தால் ஒரே அலைவரிசையைத் தள்ளியிருக்கும் இன்னொரு துண்டில் மறுபடி பயன்படுத்தலாம், அதனால்தான் கொஞ்ச அலைவரிசையை வைத்துக்கொண்டு லட்சக்கணக்கானவர்கள் பேச முடிகிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தார் 1947-இலேயே இந்த யோசனையை எழுதிவைத்துவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு ஜிஎஸ்எம் என்ற கைபேசிச் சேவை 1994-இல் வந்தது. டர்பனிலிருந்து ஸ்டாங்கருக்கு என்2 சாலையில் பேசிக்கொண்டே போனால் உங்கள் அழைப்பு கோபுரம் விட்டுக் கோபுரம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

ஒரே சொல் வேண்டுமென்றால் 'கலம்' வையுங்கள் அக்கா. இலங்கைப் பாடநூலில் உயிரியல் செல்லுக்கும் கலம்தான், மின்கலத்திலும் அதே கலம் இருக்கிறது. என்னைக் கேட்டால் பேச்சில் செல் என்றே விட்டாலும் தப்பில்லை.

தாத்தா, டொங்காட்:

தம்பி, சிறையைக் கலம் என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? ராபன் தீவில் மண்டேலா 18 வருஷம் இருந்த இடம் ஒரு மனிதன் காலை நீட்டிப் படுப்பதற்கே அளவாக இருக்கும். நம் தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் நோய்ப்பட்டு, வெளியே வந்த சில நாளில், 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் இறந்துபோனாள். அந்த இடத்துக்குச் சிறை அறை, கொட்டடி என்று நேராகவே எழுதவேண்டும், அதில் சமரசம் வேண்டாம்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒரு செல் அரசியலில் இருக்கிறது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கட்சியைத் தடை செய்யப்போகிறார்கள் என்று தெரிந்து 1953-இல் மண்டேலா போட்டுக்கொடுத்த 'எம்' (M) திட்டத்தில், ஒரு தெருவின் சில வீடுகள் சேர்ந்தது ஒரு செல். பெரிய கூட்டம் போடாமல் அதன் வழியாகவே செய்தி போகவேண்டும். இதற்குக் குழு என்றால் போதும். மகளே, முதலில் சின்ன அறை என்று சொல்லி விளங்கவை, அதற்குப் பிறகு துறைக்கு ஒரு சொல்லாகக் கொடு. ஒன்றையே எல்லாவற்றுக்கும் போட்டு இழுக்காதே.

ஞாயிறு வகுப்பு, சாட்ஸ்வொர்த்:

எல்லோருக்கும் நன்றி. தாத்தா சொன்னபடியே செய்கிறேன்: உயிரணு, மின்கலம், சிறை அறை, கட்டம், குழு. போனுக்குக் கைபேசி. கடைசியாக ஒன்று, கோடையில் ஜோபர்க் பக்கம் ஆலங்கட்டி மழை வரும்போது செய்தியில் புயல் செல் என்கிறார்களே, அதற்குச் சுவர் எங்கே இருக்கிறது?

நெல்லைக்காரன், ஜோஹன்னஸ்பர்க்:

சுவர் இல்லை அக்கா. சூடான காற்று ஒரு பக்கம் மேலே ஏறும், குளிர்ந்த காற்று மழையோடு கீழே இறங்கும், இந்த ஒரு ஜோடிதான் ஒரு செல். பெரிய இடிமழையில் இப்படிப் பல சேர்ந்திருக்கும். 'இடிமழைத் திரள்' என்று எழுதிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குப் புரியும்.