கடலூர் சில்வர் பீச்சில் பத்தடிப் பிள்ளையார் இனி தேவையா?

கெடிலக்கரை:
சதுர்த்தி நெருங்குகிறது, வசூல் நோட்டும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் இந்த முறையும் பத்தடிப் பிள்ளையாராம். நான் கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் களிமண் பிள்ளையார் வைத்துக் கும்பிட்டு, வாளித் தண்ணீரில் கரைத்து முருங்கை மரத்தடியில் ஊற்றுகிறவன் நான். தெருவுக்கும் அப்படி ஒரு சின்னப் பிள்ளையார் போதாதா?

முதுநகர்_பையன்:
ஆரம்பித்தாயிற்றா! வருஷம் முழுக்க உப்பனாற்றில் ரசாயனக் கழிவு கலக்கும்போது வராத அக்கறை, பிள்ளையார் கடலுக்குப் போகிற அன்றைக்கு மட்டும் பொத்துக்கொண்டு வருகிறது. நாங்கள் வைப்பது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இல்லை. விழுப்புரம் பக்கம் சொல்லிவைத்துச் செய்த காகிதக் கூழ், மரவள்ளி மாவுச் சிலை. உங்கள் வாளிப் பிள்ளையாரை நாங்கள் தடுத்தோமா?

கெடிலக்கரை:
ஆற்றைக் கெடுக்கிறவனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவன் கொட்டுகிறான் என்று நாமும் கொட்டலாமா தம்பி? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ல் திருத்திய விதிகளைப் படியுங்கள். தெர்மாகோல், நச்சுச் சாயம் எல்லாமே கூடாது. மாலை, துணி, ஜிகினாவைக் கழற்றிவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும். 2023 செப்டம்பரில் திருநெல்வேலிச் சிலை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் பிளாஸ்டர் சிலைக்கு அனுமதி கிடைக்கவில்லை. சரி, உங்கள் சிலை முகத்தில் மின்னுகிற பெயிண்ட் எந்த மரவள்ளியில் விளைந்தது?

மஞ்சக்குப்பம்_மாமி:
வழியனுப்புகிற புனர்பூஜை முடித்து, உன் இடத்துக்குப் போய் வா என்று யதாஸ்தானம் சொல்லி, பிள்ளையாரை வடக்கே கொஞ்சம் நகர்த்தினால் ஆவாகனம் செய்து அழைத்த சாமி கிளம்பியாயிற்று. மிச்சம் இருப்பது மண். முன்பு கிணற்றில் போட்டோம். கிணறு தூர்ந்து போர்வெல் வந்த பிறகு அண்டாவில் கரைக்கிறோம். பூஜைக்குக் கேட்பதே அறுகம்புல், எருக்கு, ஊமத்தை, வன்னி என்று வேலியோரத்தில் கிடைக்கிற இலைகளைத்தான்.

பான்பரி மார்க்கெட் பக்கம் ஒரு அம்மா அச்சில் களிமண்ணை அடைத்து, கட்டைவிரலால் ஓரம் வழித்து, பலகையில் தட்டி எடுப்பார். ஈரம் காய்வதற்குள் இரண்டு குன்றிமணியைக் கண்ணில் அழுத்துவார். அவ்வளவுதான், பிள்ளையார் நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். அந்தம்மாவிடம் பேரம் பேசுகிற தெருவில்தான் கிரேனுக்கு வாரி விடுகிறார்கள்.

புதுவை_வாசி:
வில்லியனூர் சுடுமண் பிள்ளையாரை வாங்குங்களேன். புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு, பார்க்கவும் லட்சணம்.

மஞ்சக்குப்பம்_மாமி:
சுட்ட மண் கரையாதே அப்பா. கொலுவில் வை, வருஷா வருஷம் எடுத்து வைக்கலாம். கரைக்கப் பச்சை மண்தான்.

முதுநகர்_பையன்:
மாமி, வீட்டுப் பூஜை உங்களுடையது, சரி. தெருவில் வைப்பது வேறு. அன்றைக்குத்தான் எங்கள் தெருவில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாகச் சுண்டல் மடிக்கிறார்கள், விடியவிடியச் சிலைக்குக் காவல் இருக்கிறார்கள். உள்ளங்கையளவு பிள்ளையாரை வைத்து யாரைக் கூட்டுவது?

கெடிலக்கரை:
சுண்டலுக்கு எதற்குப் பத்தடி? தெருப் பிள்ளையார் ஏதோ ஆதிகாலத்து வழக்கம் மாதிரிப் பேசாதீர்கள். 1893-ல் திலகர் பூனாவில் ஊர்கூட்டிக் கொண்டாட வைத்தது. நம் ஊர்த் தெருக்களுக்கு வந்தது அதற்கும் ரொம்பப் பிறகு.

முதுநகர்_பையன்:
நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறதே, போதாதா? உங்கள் அப்பா காலத்தில் இல்லாத எத்தனை விஷயத்தை நீங்கள் செய்கிறீர்கள்!

தேவனாம்பட்டினத்தான்:
சாமியையும் சட்டத்தையும் நீங்களே பேசிக்கொள்ளுங்கள், நான் வலையைப் பற்றிச் சொல்கிறேன். கூழ் கரைந்துவிடும். உள்ளே சட்டத்துக்கு அடித்த ரீப்பர் கட்டை கரையுமா? ஆணியோடு அப்படியே மணலில் புதைந்து கிடக்கிறது. கரைவலை இழுக்கும்போது அதில் மாட்டினால் வலையின் மடி கிழிந்து மீன் மொத்தமும் போச்சு. அதைக் கோணி ஊசி வைத்துத் தைத்து முடிப்பதற்குள் அன்றைய மீன்பாடு போய்விடும். எங்களுக்கும் பிள்ளையார் சாமிதான். மாசி மகத்துக்கு எத்தனை ஊர்ச் சாமி இதே கடலுக்கு வருகிறது! தீர்த்தவாரி முடிந்து அத்தனையும் திரும்ப ஊருக்குப் போகிறது, எதையும் உள்ளே விட்டுவிட்டுப் போவதில்லை.

முதுநகர்_பையன்:
அண்ணே, நியாயம். கட்டையைக் கரையிலேயே பிரித்து எடுத்துவிட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

தேவனாம்பட்டினத்தான்:
யார் பிரிப்பது? பின்னால் வண்டி வரிசை கட்டி நிற்கும், போலீஸ் விசில் அடிக்கும், கிரேன்காரர் மணிக் கணக்குப் பார்ப்பார். இறக்கினோமா, செல்ஃபி எடுத்தோமா, போனோமா என்றுதானே போகிறீர்கள்?

முதுநகர்_பையன்:
மரச்சட்டத்தை ஆணி அடிக்காமல் சணல் கயிற்றில் கட்டச் சொல்கிறேன். நாலு பேரைக் கரையில் நிறுத்துகிறேன். உயரத்தை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.

மஞ்சக்குப்பம்_மாமி:
உயரம் இருப்பதால்தானே தம்பி உள்ளே கட்டை? மூன்றடிக்குக் களிமண்ணே நிற்கும். பண்ருட்டியில் மண் பொம்மை செய்கிறவர்களைக் கேட்டுப் பார்.