தூதரகப் பணியிலிருந்து ஐ.நா. வளர்ச்சிப் பணிக்கு மாறும் பெண்: எந்தப் படியில் நுழைவது?

கேள்வி:
முதுகலைப் பட்டம், வெளியுறவுத் துறையில் 6 ஆண்டு, வயது 34. ஒரு பெண் இதை வைத்து ஐ.நா. வளர்ச்சித் திட்டம் (UNDP) என்ற அமைப்பில் எந்த நிலைக்கு விண்ணப்பிக்கலாம்? ஐ.நா. அலுவலர் படிகளான 'பி' வரிசையில் கீழே இருக்கும் பி-2இல் நுழைந்துவிட்டால் பிறகு ஏறிக்கொள்ளலாம் என்கிறார்களே, சரியா? குழந்தை பெறும் எண்ணமும் உண்டு. களப் பணியிடத்தை ஏற்பதா, தள்ளிப்போடுவதா?

பதில் 1:
பி-2 வேண்டாம். முதுகலை இருந்தால் பி-3க்கு 5, பி-4க்கு 7, பி-5க்கு 10 ஆண்டுத் தொடர்புள்ள அனுபவம் என்பதுதான் வழக்கமான அளவு. நேராகப் பி-3 கேளுங்கள். உள்ளே போனபின் உயர்வு தானாக வராது, ஒவ்வொரு படிக்கும் காலியிடம் பார்த்துப் புதிதாகப் போட்டியிட வேண்டும். ஐ.நா. செயலகத்தின் இளம் அலுவலர் தேர்வுக்கு வயது வரம்பு 32, அந்த வழி உங்களுக்கு இனி இல்லை.

தூதரகத்திலிருந்து வருபவர்கள் சறுக்குவது விண்ணப்பத்தில்தான். "இருதரப்பு உறவை வலுப்படுத்தினேன்" என்ற வரிக்கு அங்கே மதிப்பில்லை. எந்த உதவி ஒப்பந்தம், எவ்வளவு தொகை, யார் யாரோடு பேசினீர்கள், முடிவில் என்ன மாறியது என்று எழுதுங்கள். அறிவிப்பில் கேட்ட தகுதிகளை வரிவரியாக வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். நேர்காணலிலும் இதே கதைதான்: சூழல், நீங்கள் செய்தது, விளைவு. "நாங்கள் செய்தோம்" என்று சொல்லிக்கொண்டே போனால் உங்கள் பங்கு தெரியாமல் போய்விடும்.

பதில் 2:
பணியிடம் பற்றி. இரண்டு விஷயங்களைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பணியிடங்களுக்கு ஐ.நா. தரும் எச் (H), பிறகு ஏ (A) முதல் இ (E) வரையிலான வகைகள் வாழ்க்கைச் சிரமத்தைக் காட்டுபவை, இ மிகக் கடினம். குடும்பத்தை அழைத்துச் செல்லக் கூடாது என்பது பாதுகாப்பை வைத்துத் தனியாக எடுக்கும் முடிவு. சிரமமான இடம் என்பதாலேயே குடும்பத்துக்குத் தடை என்று ஆகாது, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கணவருக்கு அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி உண்டா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

2023 முதல் செயலகத்தில் பெற்றோர் யாராயினும் 16 வாரம், பிரசவித்த தாய்க்குக் கூடுதலாக 10 வாரம், ஆக 26 வார விடுப்பு. என் கருத்தில், குடும்பத்துக்கு அனுமதியில்லாத இடம் ஒன்றை எடுப்பதானால் குழந்தைக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

பதில் 3:
எந்த வேலையைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பது இன்னும் முக்கியம். பெண்களிடம் அறிக்கை, தகவல் தொடர்பு, பாலினச் சமத்துவம் ஆகியவற்றை மட்டும் ஒப்படைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அவை தேவையான வேலைகள்தான். ஆனால் ஒரு நாட்டு அலுவலகத்தில் தலைவருக்கு அடுத்த பதவியான துணைப் பிரதிநிதி இடம் காலியாகும்போது கேட்பது திட்ட நிதியையும் ஆட்களையும் நிர்வகித்த அனுபவத்தை. பி-3இலேயே ஒரு திட்டத்தின் நிதிப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்.

2019 ஜனவரி 1 முதல், ஒரு நாட்டில் உள்ள ஐ.நா. அமைப்புகளை ஒருங்கிணைக்கும் ஒருங்கிணைப்பாளர் பதவி வளர்ச்சித் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டது. அரசுகளோடு பேசிப் பழகியவர்களுக்கு அது பொருத்தமாகத் தோன்றும், ஆனால் அதற்குத் தனி மதிப்பீட்டுத் தேர்வு உண்டு.

சதாக்கோ ஒகாட்டாவைப் பாருங்கள்: 1991 முதல் 2000 வரை ஐ.நா. அகதிகள் ஆணையர், 2003 முதல் 2012 வரை ஜப்பானின் வளர்ச்சி உதவி நிறுவனத் தலைவர். இரண்டுமே பணமும் ஆட்களும் கையில் இருந்த பதவிகள்.

பதில் 4:
பிரெஞ்சு கற்றுக்கொள்ள இப்போதே தொடங்குங்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் களப் பணியிடங்கள் பலவற்றுக்கு அது கட்டாயத் தகுதி, விண்ணப்பிக்கும் நாளிலேயே கையில் இருக்க வேண்டும்.