ஸ்பீக்கிங் தேர்வுக்கு மனப்பாட விடைகள் உதவுமா?

மண்டபம் நர்ஸ்:
பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டேன். பிரிட்டன் போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். அதில் பேச்சுத் தேர்வான ஸ்பீக்கிங் என்றாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது. இங்கே ஆங்கிலத்தில் பேசிப் பழக ஆளில்லை. கோச்சிங்கில் ஒரு கட்டு விடைகளைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அதில் லண்டன் மியூசியம் பார்த்த அனுபவம்கூட இருக்கிறது. நான் மதுரையைத் தாண்டியதில்லை. இதையே படிக்கட்டுமா? நம் ஊர் உச்சரிப்புக்கு மார்க் குறையுமா?

கீழக்கரைக்காரன்:
உச்சரிப்பு நம் ஊர்ச் சாயலில் இருப்பதற்காகக் குறைக்க மாட்டார்கள். கேட்பவருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும், அவ்வளவுதான். கேள்வி விளங்கவில்லையா, மறுபடி கேட்கச் சொல்லுங்கள். தப்பில்லை.

பாம்பன் அக்கா:
தங்கச்சி, அந்தக் கட்டை முதலில் தூக்கி வை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஸ்பீக்கிங் சொல்லிக் கொடுக்கிறேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். ஒப்பிப்பதைத் தேர்வாளர் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார், மார்க் போகும். மொத்தமே 11 முதல் 14 நிமிடம்தான். முதலில் வீடு, படிப்பு, வேலை என்று கேட்பார்கள், அது எளிது.

அடுத்து, பேச வேண்டிய தலைப்பு எழுதிய ஓர் அட்டை தருவார்கள், அதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. யோசிக்க 1 நிமிடம், பேச 2 நிமிடம் வரை. அந்த ஒரு நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதே, நாலைந்து சொல் போதும். 'கடினமான வேலை செய்யும் ஒருவர்' என்று தலைப்பு வந்தால் உனக்கு லண்டன் எதற்கு? கடலில் பாசி எடுக்கப் போகிற நம் பெண்களைப் பற்றிப் பேசு. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்குவது. கரைக்கு வந்து பாசியைக் காயப்போடுவது. கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது வார்த்தை தானாக வரும். சின்ன இலக்கணத் தப்பு வந்தால் நிற்காதே, திருத்திக்கொண்டு போ.

மூன்றாவது பகுதியில் அதையே பொதுவாக்கிக் கேட்பார்கள்: ஆபத்தான வேலைக்குக் கூடுதல் சம்பளம் வேண்டுமா, அரசு என்ன செய்யலாம் என்று. 'ஆமாம்' என்று முடித்துவிடாதே, ஏன் என்று சொல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறதே, அது நல்லதா, கெட்டதா? இதை உன் தோழியோடு ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் வாய்ஸில் வாதாடு. அப்புறம் நீ அனுப்பியதை நீயே கேள். எங்கே திக்குகிறாய் என்று தெரிந்துவிடும்.

தொண்டி:
அக்கா சொன்னது சரி. ஆனால் பிரிட்டன் நர்சிங் கவுன்சிலுக்கு ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்கில் 7 வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியையும் ஏற்கிறார்கள், அதையும் பாருங்கள். அதன் ஸ்பீக்கிங்கில் நோயாளியோடு பேசுவதுபோல் இரண்டு சூழல்கள், ஒவ்வொன்றும் 5 நிமிடம் அளவு. அட்டையைப் படிக்க 3 நிமிடம் தருவார்கள். வார்டில் தினமும் பேசுவதுதான் என்பதால் நர்சிங் படித்தவர்களுக்குக் கைவரும். கட்டணம் மட்டும் அதிகம்.

மண்டபம் நர்ஸ்:
நன்றி அக்கா. தடைக்காலம் பற்றி இன்று ராத்திரியே வாய்ஸ் போடுகிறேன். என் தோழி தடை வேண்டாம் என்கிற கட்சி, அதனால் சண்டை நன்றாகவே நடக்கும்.