புதுப்பிப்பு: லில்லிபாண்ட் பழைய ஃபைல்கள்

லில்லிபாண்ட் என்பது நாம் தட்டச்சு செய்யும் குறியீடுகளை இசைத்தாளாக மாற்றித் தரும் கட்டற்ற மென்பொருள். “பதிப்புக்குப் பதிப்பு அந்தக் குறியீடுகளின் இலக்கணத்தை மாற்றினால் பழைய இசைக்குறிப்பு ஃபைல்கள் என்ன ஆவது?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பழைய ஃபைல்களைப் புதிய இலக்கணத்துக்கு மாற்றும் கன்வர்ட்-எல்ஒய் கருவியை ஓட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. பெரும்பாலானவை சரியாகிவிட்டன. ஸ்கீம் என்ற நிரல்மொழியில் எழுதிய துணுக்குகளைத்தான் கையால் திருத்த வேண்டியிருக்கிறது.

2022 டிசம்பரில் வந்த லில்லிபாண்ட் 2.24 பதிப்பு, ஸ்கீம் நிரல்களை இயக்கும் கைல் என்ற மென்பொருளின் 1.8 பதிப்பை விட்டு 2.2-க்கு மாறியதைப் பலர் திட்டினார்கள். அதில் நான் உருவாக்குநர்கள் பக்கம். பராமரிப்பு நின்றுபோன கைல் 1.8-ஐ நம்பியிருந்ததால்தான் 2017-இல் வந்த டெபியன் 9 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் லில்லிபாண்டுக்கே இடமில்லாமல் போனது. சம்பளமில்லாமல் இரவில் உட்கார்ந்து அதைச் சரிசெய்தவர்களிடம் கோபப்படுவது நியாயமில்லை.

ஆனால் “மூலநிரல் திறந்திருக்கிறது, நீங்களே திருத்துங்கள்” என்ற பதிலை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. பாடகர் குழு நடத்துபவருக்கு சி++ நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டுமா என்ன? எது உடைகிறது என்று அவர் தெளிவாக எழுதித் தருவதும் பங்களிப்புதான்.

அப்புறம், ஃபைலின் தொடக்கத்தில் உள்ள பதிப்பு எண் வரியை அழித்துவிடாதீர்கள். கன்வர்ட்-எல்ஒய் அதைப் பார்த்துத்தான் எங்கிருந்து மாற்றத் தொடங்குவது என்று முடிவு செய்கிறது.